கிராண்ட் திரும்பி வந்தான், மச்சாள் போனை வைத்துவிட்டார்

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். 1986 கடைசியில் லண்டன் வந்து இறங்கியபோது என் கணவரின் அக்கா வீட்டில்தான் தங்கினோம். அந்த மச்சாளோடு சேர்ந்து பார்க்கத் தொடங்கிய பிபிசி டிவி நாடகம் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’. இரண்டு பேரும் ஆங்கிலம் பழகியதே அதில்தான். நாடகம் தொடங்கிய 1985இல்தான் அவரின் மூத்த மகனும் பிறந்தான். நாங்கள் தனிவீடு போன பிறகும், நாடகம் முடிந்ததும் போனில் கதைப்போம். 2025 பெப்ரவரியில் நாற்பதாவது ஆண்டு வாரம் வந்தது. பழைய பாத்திரங்களில் கிராண்ட் வந்தான், கதையில் செத்துப்போன ஏஞ்சிகூட வந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நேரடி ஒளிபரப்பு முடிந்த கையோடு மச்சாளுக்கு போன் எடுத்தேன். அவரோ, “செத்தவர்களை எழுப்பிக் கூட்டிவருகிறார்கள், இது பார்க்கிறவர்களை ஏமாற்றுகிற வேலை” என்று கத்தினார். செத்ததாகச் சொன்ன சிண்டி முன்பு திரும்பி வந்தது சரிதான் என்று நானும் விட்டுக்கொடுக்காமல் வாதாடினேன். போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு சரியான பேச்சு இல்லை. “ஒரு நாடகத்துக்காகவா?” என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். யார் சொல்வது சரி? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

முதலில், பிள்ளைகள் சிரிப்பதைப் பெரிதாக எடுக்காதீர்கள். நாற்பது வருடமாக வாரத்தில் பல நாட்கள் வீட்டுக்குள் வந்துபோன மனிதர்களைப் பற்றிய சண்டை இது. சொந்தக்காரர்களில் எத்தனை பேரை நாம் அவ்வளவு அடிக்கடி பார்க்கிறோம்?

யார் சரி என்று கேட்டீர்கள். சிண்டி விஷயத்தில் நான் மச்சாள் பக்கம். 1998இல் சிறையில் பிள்ளை பெறும்போது சிண்டி இறந்ததாகச் சொன்னார்கள். அவளைக் கட்டியிருந்த இயனும் பிள்ளைகளும் அந்தச் சாவோடு வாழ்ந்ததை நாமும் பார்த்தோம். 2023இல், சாட்சிப் பாதுகாப்பில் வேறு பெயரோடு இருந்தாள் என்று கூட்டிவந்தபோது, நாம் அழுத அழுகை ஒன்றுமில்லாமல் போனது. ஏஞ்சியின் கணவராக இருந்த டென்னும் அப்படித்தான். 1989இல் கால்வாய்க் கரையில் சுடப்பட்டவர் 2003இல் வந்து நின்றார். 2005 பெப்ரவரியில், நாடகத்தின் இருபதாவது ஆண்டையொட்டி, அவரை மறுபடியும் கொன்று குயின் விக் என்ற மதுக்கடையின் நிலவறையில் புதைத்தார்கள். இயனின் தாய் கேத்தியும் விபத்தில் போய்விட்டாள் என்று 2006இல் செய்தி வந்தது. 2015இல், முப்பதாவது ஆண்டுக்கு, உயிரோடு வந்தாள். கொண்டாட்டம் வரும்போதெல்லாம் ஒரு கல்லறையைத் திறந்தால் பார்க்கிறவருக்குக் கோபம் வரத்தானே செய்யும்?

ஆனால் உங்கள் சந்தோஷமும் பிழையில்லை. கிராண்ட் சாகவில்லை, ஊரைவிட்டுப் போனவன். போனவன் வருவதில் என்ன ஏமாற்று? 2024 டிசம்பரில் இன்னொரு பழைய பாத்திரமான நைஜல் வந்தாரே, அதை நான் இந்த நாடகத்தின் மிக நல்ல வேலைகளில் ஒன்றாகச் சொல்வேன். 1998இல் சிரித்த முகத்தோடு போனவர், மறதி நோயோடு திரும்பி வந்தார். இடையில் கழிந்த வருடங்களை அவர் முகத்தில் பார்க்க முடிந்தது. ஏஞ்சி விஷயத்தை இன்னும் அழகாகச் செய்தார்கள். இடிபாட்டுக்குள் சிக்கிய ஏஞ்சியின் மகள் ஷரனுக்குத் தாயின் தோற்றம் தெரிகிறது. ஏஞ்சியாக நடித்த ஆனிட்டா டாப்சன் 1988இல் விலகிப் போனவர், ஏஞ்சி 2002இல் இறந்ததாகக் கதை. அந்தச் சாவை மாற்றாமலே தாயையும் மகளையும் பேச வைத்தார்கள். நீங்கள் வந்து இறங்கிய அந்த 1986 கிறிஸ்மஸில்தானே டென் அவள் கையில் விவாகரத்துக் காகிதத்தைக் கொடுத்தான்? மறுஒளிபரப்பையும் சேர்த்து 3 கோடிப் பேருக்கு மேல் பார்த்த பாகம் அது. புது நாட்டில் முதல் குளிர்காலத்தில் நீங்கள் பார்த்த முகம் மறுபடி திரையில் வந்தால், உங்களுக்குச் சந்தோஷம் வராமல் இருக்குமா?

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கிராண்ட், ஏஞ்சி, சிண்டி எல்லோரும் இருக்கிறார்கள். மார்ட்டின் இல்லை. அந்த நேரடி ஒளிபரப்பில்தான் மார்ட்டின் ஃபௌலர் செத்தான், தங்கச்சி. குயின் விக் வெடித்து, விழுந்த உத்தரத்துக்குக் கீழே கால் நசுங்கிக் கிடந்து, முன்னாள் மனைவி ஸ்டேசியின் பக்கத்தில் உயிர் போனது. அது முடிந்த கையோடு நீங்கள் கிராண்டைப் பற்றிக் கதைக்க போன் எடுத்திருக்கிறீர்கள்.

மார்ட்டின் யார் என்று யோசித்துப் பாருங்கள். நாடகம் தொடங்கியபோது போலின் வயிற்றில் இருந்த பிள்ளை. நாற்பது வயதில், வளர்ந்த பிள்ளைகள் இருக்க இன்னொன்றா என்று அவளின் தாய் லூ கோபித்துக்கொண்ட பிள்ளை. 1985 ஜூலையில் பிறந்தான். உங்கள் மச்சாளின் மூத்தவனும் அதே வருடம். இரண்டு பேரையும் அவர் ஒன்றாகத்தான் வளர்த்திருப்பார். பள்ளி வயதில் மார்ட்டின் செய்த குழப்படி, அவன் ஓட்டிய கார் மோதி ஜேமி மிட்செல் 2002 கிறிஸ்மஸில் செத்தது, தாய் போலின் போனது, பிறகு சந்தையில் மரக்கறிக் கடையோடு நல்ல தகப்பனாக நின்றது, எல்லாம் தன் மகனின் வயதை வைத்துத்தானே அவர் பார்த்திருப்பார்? 2014இல் நடிகரை மாற்றினார்கள், முகம் மாறியது. அப்போதும் அவருக்கு அவன் அதே பிள்ளைதான்.

அந்த வாரம் திரும்பி வந்தவர்களை நீங்கள் எண்ணினீர்கள், அவர் போனவனை எண்ணினார். “செத்தவர்களை எழுப்புகிறார்கள்” என்ற கத்தலில், “அவனை மட்டும் ஏன் கொன்றார்கள்?” என்ற கேள்வி இருந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். நாடகப் பாத்திரத்துக்காக அழுகிறேன் என்று சொன்னால் வீட்டில் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருக்க முடியும், நீங்களோ சிண்டிக்காக வாதாடிக்கொண்டிருந்தீர்கள்.

அதனால் போன் எடுங்கள். நாடகம் முடிகிற நேரத்தில் வேண்டாம், அது சண்டை நடந்த நேரம். ஒரு காலையில், தேத்தண்ணி குடிக்கிற பொழுதில் எடுங்கள். “நான் சொன்னதிலும் பிழை, நீங்கள் சொன்னதிலும் பிழை” என்று பஞ்சாயத்து வைக்காதீர்கள். “மச்சாள், மார்ட்டினைப் பற்றி அன்றைக்கு நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று மட்டும் கேளுங்கள். கோபமாகப் பதில் வந்தாலும் வரட்டும், அழுகையாக வந்தாலும் வரட்டும். அவர் முடிக்கும்வரை கிராண்டின் பெயரை எடுக்க வேண்டாம்.

போனை எடுக்காவிட்டால் நேரே போங்கள். ஈஸ்ட் ஹாமில் வாங்கக்கூடியது எதையாவது கையில் கொண்டு போங்கள், வெறுங்கையோடு போனால் அதற்கும் ஒரு பேச்சு வரும். அவரின் மூத்த மகன் வீட்டில் இருந்தால், அவனுக்கு முன்னால் இந்தக் கதையைத் தொடங்காதீர்கள். அவன் வெளியே போகும்வரை வேறு கதை கதையுங்கள். சிண்டி பற்றிய வாதம் எங்கேயும் ஓடிவிடாது, அதைப் பிறகு இரண்டு பேரும் ஆசை தீரப் போடலாம்.