கணினி கேள்வி பதில்: அபராதச் சீட்டு என்ற பெயரில் வந்த செயலி

கேள்வி: போக்குவரத்துக் காவல்துறையின் சின்னத்தோடு என் வாட்ஸாப்புக்கு ஒரு செய்தி வந்தது. அண்ணா சாலையில் சிக்னலை மீறியதாகவும், இணைத்துள்ள கோப்பைத் திறந்து அபராதத்தைக் கட்டுமாறும் அதில் இருந்தது. என் ஸ்கூட்டரின் பதிவெண் சரியாக இருந்ததால் நம்பிவிட்டேன். திறந்ததும் ஒரு செயலி நிறுவப்பட்டு, குறுஞ்செய்திகளைப் பார்க்க அனுமதி கேட்டது. பிறகு வங்கி அட்டை விவரங்களைக் கேட்டது. கடைசியில் பணம் செலுத்த முடியவில்லை என்று காட்டியது. அன்றிரவே என் கணக்கிலிருந்து இரண்டு தடவையாக 48,000 ரூபாய் போய்விட்டது. ஓடிபியை நான் யாருக்கும் சொல்லவே இல்லை. என் எண்ணிலிருந்தே அக்கா மகனுக்கும் அதே கோப்பு போயிருக்கிறது. இது எப்படி நடந்தது?
— ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: ஓடிபியை நீங்கள் சொல்லவேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை, அம்மா. குறுஞ்செய்திகளைப் படிக்க நீங்கள் தந்த அனுமதியைக் கொண்டு, வங்கியிலிருந்து வந்த ஓடிபியை அந்தச் செயலியே படித்து, நீங்கள் பார்ப்பதற்கு முன்பே மோசடிக்காரர்களுக்கு அனுப்பிவிட்டது. அட்டை எண், காலாவதி தேதி, பின்புறமுள்ள மூன்று இலக்க எண் ஆகியவற்றை நீங்களே அதில் நிரப்பியிருக்கிறீர்கள். 'செலுத்த முடியவில்லை' என்ற அறிவிப்பு, உங்களுக்குச் சந்தேகம் வராமல் இருப்பதற்காகக் காட்டப்பட்ட பொய். அதன்பின் உங்கள் வாட்ஸாப்பிலிருந்து உறவினர்களுக்கு அந்தக் கோப்பு போனதும் திட்டமிட்டதே. தெரியாத எண்ணிலிருந்து வந்தால் தயங்குகிறவர்கள்கூட, சித்தியிடமிருந்து வந்தால் தயங்காமல் திறப்பார்கள்.

உங்களுக்கு வந்த கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்திருக்கும். அது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு. சீட்டு, ரசீது, கல்யாணப் பத்திரிகை, வங்கிக் கடிதம் எதுவும் ஏபிகே வடிவில் வராது. உண்மையான அபராதம் நிலுவையில் உள்ளதா என்பதை, அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, வாகனப் பதிவெண்ணைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். பதிவெண் சரியாக இருந்ததால் நம்பியதாக எழுதியிருக்கிறீர்கள். பதிவெண் தெருவில் போகிற எவர் கண்ணுக்கும் படுவது. அது எதற்கும் சான்றாகாது.

இத்தகைய நிலையில் முதலில் கைப்பேசியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, வீட்டிலுள்ள வேறொருவரின் கைப்பேசியிலிருந்து 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். திருடப்பட்ட பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாக மாற்றப்படும். அது யாராவது ஓர் ஏடிஎம்மில் ரொக்கமாக எடுக்கப்படுவதற்கு முன்னால் அந்தக் கணக்கை முடக்கிவைப்பதற்காகவே இந்த உதவி எண் ஏற்படுத்தப்பட்டது. ஆகவே காலையில் வங்கி திறக்கட்டும் என்று காத்திருந்தால் பணம் கைநழுவிப் போகும். அடுத்து வங்கியை அழைத்து அட்டையை முடக்கி, புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பானாலும், அவர் வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. தெரிவித்த நேரம் பதிவாகியிருப்பது அதனால்தான் முக்கியம்.

கைப்பேசியை உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். வந்த செய்தி, அனுப்பிய எண், பணம் போன விவரம் அனைத்தையும் முதலில் வேறொரு கைப்பேசியால் படமெடுத்து, தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பிறகு அமைப்புகளில் உள்ள செயலிகள் பட்டியலைத் திறந்து அந்தச் செயலியைத் தேடவேண்டும். முகப்பில் தன் படத்தை அது மறைத்துக்கொண்டிருக்கலாம். நீக்கும் பொத்தான் வேலை செய்யவில்லையென்றால், சாதன நிர்வாகி என்ற அதிகாரத்தை அது பெற்றிருக்கும். அதையும், திரையைப் படிக்கவும் இயக்கவும் விடும் 'அக்சஸிபிலிட்டி' அனுமதியையும் ரத்து செய்தபின் நீக்கலாம். ஸ்டார், ஹாஷ், 21, ஹாஷ் என்று அழுத்திப் பார்த்தால் உங்கள் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டுள்ளனவா என்பது தெரியும். வாட்ஸாப்பில் 'இணைத்த சாதனங்கள்' பகுதியில் உங்களுக்குத் தெரியாதது எதுவும் இருந்தால் வெளியேற்றுங்கள். இவ்வளவும் முடிந்து, படங்களைப் பத்திரப்படுத்திய பின், கைப்பேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பதே நல்லது. கடவுச்சொற்களையும் யுபிஐ பின் எண்ணையும் அதற்குப் பிறகுதான் அந்தக் கைப்பேசியில் மாற்றவேண்டும்; முன்பே மாற்றினால் புதியவையும் அவர்கள் கைக்கே போய்ச் சேரலாம்.

உங்கள் அக்கா மகனுக்கு இன்றே போன் செய்து பேசுங்கள். உங்கள் எண்ணிலிருந்து செய்தி அனுப்பினால், அதையும் அவர் எப்படி நம்புவார்?

கேள்வி: வைரஸ், வார்ம், ட்ரோஜன், ரான்சம்வேர் என்று பாடத்தில் தனித்தனியாகப் படிக்கிறோம். ஆனால் செய்திகளில் ஒன்றையே பல பெயர்களால் குறிப்பிடுகிறார்கள். எது சரி?
— கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: இரண்டும் சரிதான். வைரஸ், வார்ம், ட்ரோஜன் ஆகிய பெயர்கள் ஒரு தீம்பொருள், அதாவது கேடு செய்யும் மென்பொருள், எப்படி நுழைந்து பரவுகிறது என்பதை வைத்து ஏற்பட்டவை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், வேவு பார்க்கும் ஸ்பைவேர், தட்டச்சு செய்வதைப் பதிவு செய்யும் கீலாகர் ஆகியவை, நுழைந்தபின் அது என்ன செய்கிறது என்பதை வைத்து ஏற்பட்டவை. ஆகவே ஒன்றுக்கே இரு பெயர்களும் பொருந்தலாம்.

வைரஸ் தனித்து நிற்காது. வேறொரு நிரலிலோ வட்டிலோ ஒட்டிக்கொண்டு, நாம் அதை இயக்கும்போது பரவும். லாகூரைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் 1986-ல் எழுதிய 'பிரெய்ன்', ஃபிளாப்பி வட்டின் தொடக்கப் பகுதியில் அமர்ந்துகொண்டு, வட்டு கைமாறிய இடமெல்லாம் போனது. வார்முக்கு யாருடைய கையும் தேவையில்லை; வலைப்பின்னலில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடித்துத் தானாகவே அடுத்த கணினிக்குத் தாவும். 1988 நவம்பர் 2-ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் வெளியிட்ட வார்ம், அன்றைய இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 வரை தொற்றியதாக அப்போது மதிப்பிட்டார்கள். ட்ரோஜன் தானாகப் பரவாது. பயனுள்ள ஒன்றைப் போல் வேடமிட்டு, நம் கையாலேயே நிறுவவைக்கும்.

பெரம்பூர் வாசகிக்கு வந்தது நுழைந்த விதத்தில் ட்ரோஜன், செய்த வேலையில் ஸ்பைவேர். 2017-ல் உலகை உலுக்கிய 'வான்னாக்ரை' பரவிய விதத்தில் வார்ம், செய்த வேலையில் ரான்சம்வேர். தேர்வுக்கு இந்தப் பிரிவுகள் வேண்டும். ஆனால் நம்மைக் காத்துக்கொள்வதற்கு, அது எந்த வழியாக நுழைகிறது என்பதைத் தெரிந்துகொள்வதே அதிகம் உதவும் என்பது என் கருத்து.

கேள்வி: திருவல்லிக்கேணியில் டிடிபி மையம் வைத்திருக்கிறேன். ஒரு டிசைன் மென்பொருளின் கிராக்கை (காசு கட்டாமல் இயக்கவைக்கும் திருட்டுப் பதிப்பை) இறக்கி நிறுவிய மறுநாள், பத்திரிகை, நோட்டீஸ், ஃபிளக்ஸ் டிசைன்கள் எல்லாவற்றின் பெயர்களுக்கும் பின்னால் புரியாத நான்கு எழுத்துகள் சேர்ந்துவிட்டன, எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு கடிதம்: 980 டாலர் கட்டவேண்டும், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி போதுமாம். ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து காட்டுவதாகவும் சொல்கிறார்கள். கட்டலாமா?
— ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: கட்டவேண்டாம், ஐயா. பணம் வாங்கிக்கொண்டு, பூட்டிய கோப்புகளைத் திறக்கும் சாவியைத் தருவார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தந்தாலும், அந்தப் பணம் அடுத்த கடைக்காரரைத் தாக்கவே பயன்படும். ஒரு கோப்பைத் திறந்து காட்டுவது உங்கள் நம்பிக்கையைப் பெறுவதற்கான உத்தி.

நீங்கள் விவரித்திருக்கும் தொகையும் கெடுவும் கடிதமும், 'ஸ்டாப்' என்ற பெயரால் அறியப்படும் ரான்சம்வேர் குடும்பத்தின் அடையாளங்கள். அது பெரும்பாலும் கிராக் மென்பொருள்கள் வழியாகவே பரவுகிறது. கிராக்கை நிறுவும் முன் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் குறிப்பையும் பின்பற்றியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். காவலை நிறுத்துமாறு கேட்கிற எந்த மென்பொருளையும் கணினியில் ஏற்றக்கூடாது.

இப்போது அந்தக் கணினியை இணையத்திலிருந்தும் கடையின் மற்ற கணினிகளிலிருந்தும் பிரித்துவையுங்கள். பூட்டப்பட்ட கோப்புகளையும் அந்தக் கடிதத்தையும் அழிக்காமல் ஒரு தனி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்துக் காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்ற தளத்தில் ஒரு கோப்பையும் கடிதத்தையும் ஏற்றினால், எந்த வகை என்று கண்டறிந்து, திறவுகோல் இருந்தால் இலவசமாகத் தருவார்கள். தாக்குதல் நடந்தபோது தீம்பொருளால் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல் போயிருந்தால், பலருக்கும் பொதுவான சாவியால் பூட்டியிருக்கும்; அப்போது மீட்க வாய்ப்புண்டு. உங்களுக்கென்று தனிச் சாவி உருவாகியிருந்தால் இன்று முடியாது. ஆனாலும் பின்னாளில் சாவிகள் வெளிவந்த சம்பவங்கள் உண்டு என்பதால் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். இந்த வகை, கோப்பின் முதல் 150 கிலோபைட் அளவை மட்டுமே பூட்டுகிறது. எனவே பெரிய வீடியோக்களில் கணிசமான பகுதியை மீட்க முடிகிறது. டிசைன் கோப்புகளுக்கு அந்த நம்பிக்கையை என்னால் தர இயலவில்லை. வாடிக்கையாளர்களுக்குப் பார்வைக்கு அனுப்பிய பிடிஎஃப்கள் மின்னஞ்சலிலும் வாட்ஸாப்பிலும் இருக்கும். அவற்றை முதலில் திரட்டுங்கள்.

பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. இந்த ரான்சம்வேரோடு, கடவுச்சொற்களைத் திருடும் வேறொரு தீம்பொருளும் சேர்ந்து வருவது வழக்கம். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் மட்டுமன்றி, நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதைக் காட்டும் குக்கிகளையும் அது எடுத்துக்கொண்டு போகும். குக்கி கையில் இருந்தால் கடவுச்சொல்லோ ஓடிபியோ இல்லாமலேயே உங்கள் மின்னஞ்சலுக்குள் நுழையலாம். ஆகவே வேறொரு கணினியில் அமர்ந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுவதோடு, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் தவறாமல் தேர்ந்தெடுங்கள். பாதிக்கப்பட்ட கணினியில் விண்டோஸைப் புதிதாக நிறுவவேண்டும்.

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் 2022 நவம்பர் 23-ஆம் தேதி இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாகி, பல நாட்கள் நோயாளிகளின் பதிவுகள் கையால் எழுதப்பட்டன. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே நேர்ந்தது என்று ஆறுதல் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பூட்டப்பட்ட பிறகு செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதற்காகவே எழுதுகிறேன். மாலையில் கடையை மூடும்போது அன்றைய வேலையை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். டிசைன் மென்பொருளின் மாதக் கட்டணம் கட்டுப்படியாகவில்லையென்றால், இங்க்ஸ்கேப், கிம்ப் ஆகிய இலவச மென்பொருள்கள் யூனிகோடு தமிழை ஏற்கின்றன. பழக்கம் மாறச் சில வாரங்கள் ஆகும், அவ்வளவே.

கேள்வி: ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டு வந்தபின் பென்டிரைவில் எல்லா ஃபோல்டர்களும் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. கோப்புகள் போய்விட்டனவா?
— ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: போகவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஷார்ட்கட்டை இரட்டைச் சொடுக்குச் செய்தால் வார்ம் உங்கள் கணினியிலும் ஏறிக்கொள்ளும். சந்தேகம் வராதிருக்க, உண்மையான ஃபோல்டரையும் சேர்த்தே திறந்து காட்டும். முதலில் ஆன்டிவைரஸால் பென்டிரைவைச் சோதியுங்கள். பிறகு ஃபோல்டர் தேர்வுகளில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்து, 'பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறை' என்பதிலுள்ள குறியையும் எடுத்துவிட்டால் எல்லாம் தெரியும். வேண்டியவற்றை நகலெடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள்.

அங்கேயே, கோப்பின் வகையைக் குறிக்கும் பின்னொட்டுகளையும் காட்டும்படி செய்துவிடுங்கள். விண்டோஸ் அதை இயல்பாக மறைத்துவைப்பதால், பிடிஎஃப் போலத் தோன்றுவது உண்மையில் ஓர் இஎக்ஸ்இ நிரல் என்பது தெரியாமல் போகிறது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வார்ம், வெறும் எழுத்துக் கோப்பு போலத் தோன்றி உலகெங்கும் திறக்கப்பட்டது இந்த மறைப்பினால்தான்.

கேள்வி: 'உங்கள் கைப்பேசியில் 13 வைரஸ்கள் உள்ளன' என்று அடிக்கடி எச்சரிக்கை வருகிறதே?
— ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் கைப்பேசியைச் சோதிக்க முடியாது. அது பயமுறுத்திச் செயலியை நிறுவவைக்கும் விளம்பரம். பிரவுசரின் அமைப்புகளில் அறிவிப்புகள் பகுதிக்குச் சென்று, அறியாமல் அனுமதித்த தளங்களை நீக்கினால் நின்றுவிடும்.

கேள்வி: அப்பாவின் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருக்கிறது. காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டால் போதுமா?
— ஒரு வாசகர், அண்ணா நகர்

பதில்: போதாது. வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸோடு வரும் டிஃபென்டரே பெரும்பாலும் போதுமானது. ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டிவைரஸ்களை இயக்குவது கணினியை மந்தமாக்குமே தவிர இரட்டைப் பாதுகாப்பு தராது. உங்கள் அப்பாவின் லேப்டாப்பில் உள்ள சிக்கல் வேறு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன்பின் கண்டறியப்படும் ஓட்டைகளுக்கு இலவசமாகத் தானே வரும் திருத்தங்கள் நின்றுபோயின.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வான்னாக்ரையே காட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. தாக்குதல் மே 12-ஆம் தேதிதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு மாதங்களில் அப்டேட் செய்தவர்கள் தப்பினார்கள். செய்யாத பிரிட்டன் மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன.

லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று மைக்ரோசாஃப்டின் இலவசச் சோதனைச் செயலியால் பார்த்து, ஏற்குமானால் மாற்றிவிடுங்கள். ஏற்காவிட்டால், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரைக்குமான கெடுவோடு அறிவிக்கப்பட்டது. அப்டேட் பக்கத்தில் அதில் சேரும் வாய்ப்பு காட்டப்படுகிறதா என்று பாருங்கள். அப்பா செய்தித்தாள் படிக்கவும், மின்னஞ்சல் பார்க்கவும், பேரக்குழந்தைகளோடு வீடியோவில் பேசவும் மட்டுமே அதைப் பயன்படுத்துகிறார் என்றால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக் கொடுப்பது இன்னும் நல்லது. பழைய லேப்டாப்பில் அது வேகமாகவே இயங்கும். எதுவானாலும், வங்கி வேலைகளை அந்த மாற்றம் முடியும்வரை அந்த லேப்டாப்பில் செய்யவேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.