கணக்கெடுக்கப் போகும் பிள்ளைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் சொந்த ஊர் தூத்துக்குடி. இப்போது இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். மகள் பன்னிரண்டாம் ஆண்டில் உயிரியல் படிக்கிறாள். இந்த டேர்ம் முடியும்போது பள்ளியிலிருந்து செய்தி மடல் வந்தது. அறுவடை விழாவுக்கு உணவு வங்கிக்கென்று டின்களும் பருப்பும் சேர்த்தது, போரில் இறந்தவர்களை நினைத்து நவம்பர் 11 அன்று இரண்டு நிமிட மௌனம், இளைஞர்களுக்கான எடின்பரோ கோமகன் விருதுக்காக மழையில் பீக் மாவட்டத்து மலைகளில் நடந்தது, கிறிஸ்துமஸ் கச்சேரி என்று எல்லாம் அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில், வரும் கோடையில் ஆபரேஷன் வாலேசியா என்ற அமைப்போடு இந்தோனேசியாவுக்கு இரண்டு வார இயற்கைப் பாதுகாப்புப் பயணம் என்று போட்டிருந்தார்கள். ஒரு வாரம் காட்டில், ஒரு வாரம் கடலில். மகள் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள்.

நாங்கள் குடும்பத்தோடு ஊருக்குப் போய்வரும் அளவுக்குச் செலவாகும். அதில் ஒரு பகுதியைப் பிள்ளைகளே கேக் விற்றுத் திரட்ட வேண்டுமாம். “காசு கொடுத்துப் போய் இவள் எந்தக் காட்டைக் காப்பாற்றப் போகிறாள்? வசதியான வீட்டுப் பிள்ளைகளின் சுற்றுலா இது” என்கிறார் என் கணவர். எனக்கு மறுத்துப் பேசவும் தெரியவில்லை, ஒத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. பறவைக் கணக்கெடுப்பு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன். அனுப்பலாமா?

ச., லெஸ்டர்

—

அன்புள்ள ச.,

அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

பதினேழு வயதுப் பிள்ளை இரண்டு வாரத்தில் எந்தக் காட்டையும் காப்பாற்ற முடியாது. அப்படி யாராவது உங்கள் மகளிடம் சொல்லியிருந்தால் அதை முதலில் அவள் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அவள் அங்கே போய்ச் செய்யப்போவது அளப்பதும் எண்ணுவதும். அது சின்ன வேலை இல்லை. ஒரு பவளப்பாறை நலமாக இருக்கிறதா, நலிகிறதா என்று ஒரு வருடக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. அதே இடத்தில், அதே முறையில், பத்து வருடம், இருபது வருடம் அளந்தால்தான் தெரியும். அவ்வளவு நீண்ட வேலைக்கு ஆராய்ச்சி நிதி கொடுப்பவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலான நிதி மூன்று நான்கு வருடங்களில் முடிந்துவிடும். 1995-இல் தொடங்கிய ஆபரேஷன் வாலேசியா இந்த இடைவெளியில்தான் வேலை செய்கிறது. பள்ளி, கல்லூரி மாணவர்கள் கட்டும் கட்டணத்தில் விஞ்ஞானிகள் வருடா வருடம் அதே முகாமுக்குத் திரும்பி வருகிறார்கள். மாணவர்களின் கைகள் அந்த வேலைக்கு உதவுகின்றன. ஆக, நீங்கள் கட்டும் பணம் மகளின் பயணத்துக்கு மட்டும் போவதில்லை. அவள் போவதற்கு முன்பே தொடங்கி, அவள் திரும்பிய பிறகும் நடக்கிற ஒரு கணக்குக்கும் போகிறது. பணம் உண்மையில் அங்கே போய்ச் சேர்கிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1854 முதல் 1862 வரை அந்தத் தீவுகளில் எட்டு வருடம் அலைந்தவர். மேற்குத் தீவுகளில் ஆசிய விலங்குகள், கிழக்கே ஆஸ்திரேலிய வகைகள் என்று நடுவில் ஒரு கோடு ஓடுவதைக் கவனித்து எழுதினார். அந்தக் கோட்டுக்குக் கிழக்கே உள்ள தீவுக்கூட்டத்துக்கு அவர் பெயரிலேயே வாலேசியா என்று பெயர். சுலாவெசியும் அதன் தென்கிழக்கில் இருக்கும் பூட்டன் தீவும் அதற்குள் வருகின்றன. பூட்டன் காட்டில் ஒரே இடத்தில் குரங்கும் இருக்கிறது, கஸ்கஸும் இருக்கிறது. குரங்கு ஆசியாவிலிருந்து வந்த வழி. வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் கஸ்கஸ் ஆஸ்திரேலியப் பக்கத்துச் சொந்தம். பரிணாமத்தைப் பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு, இரண்டையும் ஒரே காட்டில் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

காட்டு வாரத்தில் அவளுக்கு என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அனோவா என்று ஒரு குட்டி எருமை இனம் சுலாவெசியிலும் பூட்டனிலும் மட்டும் உண்டு. அழிவின் விளிம்பில் இருப்பது, மனிதர் வாசனை பட்டால் ஒதுங்கிவிடுவது. உங்கள் மகள் அநேகமாக அதைப் பார்க்க மாட்டாள். ஈரமண்ணில் அதன் குளம்புத் தடத்தையும் சாணத்தையும் பார்ப்பாள். கயிறு கட்டிய ஒரு நேர்கோட்டில் மெதுவாக நடந்து, எந்த இடத்தில் எத்தனை தடம், புதியதா பழையதா என்று எழுதுவாள். அட்டை கடிக்கும். சட்டை காயாது. அன்று ஒரு தடமும் கிடைக்கவில்லை என்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். அந்த ‘இல்லை’யும் கணக்கில் சேரும். படம் எடுக்கக் கூட்டிப்போகும் சுற்றுலாவில் இது நடக்காது, அங்கே விலங்கைக் காட்டியே ஆக வேண்டும்.

பறவைகளை ஆராய்கிறவர்கள் விடிவதற்கு முன் மரங்களுக்கு நடுவே கண்ணுக்கே தெரியாத மெல்லிய வலை கட்டி, சிக்கும் பறவையை எடுத்து, இறக்கையையும் அலகையும் அளந்து, எடை பார்த்து விட்டுவிடுவார்கள். இதனால் என்ன பயன் என்று உங்கள் கணவர் கேட்டால் வகாட்டோபி பூக்கொத்தி என்ற சின்னப் பறவையின் கதையைச் சொல்லுங்கள். பூட்டனுக்குத் தென்கிழக்கில் வாங்கி வாங்கி, காலேடுபா, தோமியா, பினோங்கோ என்று நான்கு பெரிய தீவுகள். நான்கின் முதலெழுத்துகளைச் சேர்த்து அந்தப் பகுதிக்கே வகாட்டோபி என்று பெயர் வந்தது. அங்கே இருக்கும் பூக்கொத்தியை, பக்கத்துப் பெருந்தீவில் இருக்கும் சாம்பல்நிறப் பூக்கொத்தியின் ஒரு வகை என்றே நெடுநாள் வைத்திருந்தார்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்காரர்களும் சுலாவெசியின் கெண்டாரியில் உள்ள ஹாலு ஓலியோ பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து இப்படி அளந்து, மரபணுவையும் ஒப்பிட்டு, அது தனி இனம் என்று 2014-இல் கட்டுரை வெளியிட்டார்கள். சில சென்டிமீட்டர் நீளமுள்ள இறக்கையைப் பொறுமையாக அளந்ததால் ஒரு பறவைக்குத் தனி இடம் கிடைத்தது. தனி இனம் என்று ஆன பிறகுதான் அதற்குத் தனியாகப் பாதுகாப்பு கேட்க முடியும்.

கடல் வாரம் காலேடுபாவுக்குப் பக்கத்தில் ஹோகா என்ற சின்னத் தீவில் நடக்கும். அந்தத் தீவு இருக்கும் கடல் பகுதியைப் பவள முக்கோணம் என்பார்கள், உலகில் பாறை கட்டும் பவள இனங்களில் முக்கால் பங்கு அங்கே இருக்கிறது. அங்கேயும் வேலை அளப்பதுதான். பாறை மேல் 50 மீட்டர் நாடா விரித்து, குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒரு தரம் நாடாவுக்குக் கீழே இருப்பது உயிருள்ள பவளமா, செத்ததா, பாசியா, மணலா, உடைந்த சில்லா என்று குறிப்பார்கள். இரண்டு கேமராக்களை ஒன்றாகப் பொருத்தி மீனைப் படமெடுத்து, அதன் நீளத்தைப் பிறகு கணினியில் அளப்பதும் உண்டு. மீன் எண்ணிக்கை அப்படியே இருந்து அளவு மட்டும் வருடா வருடம் சிறுத்தால், அங்கே மிதமிஞ்சிப் பிடிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இனி அங்கே வாழும் மனிதர்கள். என்னைப் பொறுத்தவரை இந்தப் பயணத்தில் உங்கள் மகள் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். வகாட்டோபி 1996-இல் தேசியப் பூங்காவானது. சுமார் 13,900 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி கடல். ஆனால் அது வெறும் கடல் இல்லை. சுமார் ஒரு லட்சம் பேர் அந்தத் தீவுகளில் வாழ்கிறார்கள், பலருக்கும் கடல்தான் சோறு. ஹோகாவுக்கு எதிரே சம்பேலா என்ற பஜோ மக்களின் ஊர், கடலுக்கு மேலேயே கால் ஊன்றிக் கட்டியது. அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் வாழ்பவர்கள், மூச்சடக்கி மூழ்கி மீன் குத்துவதில் அவர்களுக்கு இணை கிடையாது. வீட்டுக்கு அடித்தளம் போட அவர்கள் பவளக்கல்லை வெட்டியெடுத்தார்கள் என்பதும் உண்மை.

இதைக் கேட்டதும் பஜோக்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். நீங்கள் தூத்துக்குடிக்காரர், உங்களுக்குத் தெரியாததா? மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் எத்தனை காலம் பவளம் வெட்டினோம்! அங்கிருந்த 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளத்தை வெட்டியதும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வெட்டியவர்கள் கூலிக்கு வெட்டினார்கள், லாபம் வேறு இடத்துக்குப் போனது. தடை வந்தபோது முதலில் வேலை இழந்ததும் அவர்கள்தான். உங்கள் மகள் சம்பேலாவில் போய் நிற்கும்போது இந்தக் கதை அவளுக்குத் தெரிந்திருந்தால், அவள் கூட வரும் மற்ற பிள்ளைகள் கேட்காத கேள்விகளைக் கேட்பாள். போவதற்கு முன் ஒரு நாள் உட்கார வைத்து உங்கள் ஊர்க் கதையை முழுசாகச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி இருந்தால் தொலைபேசியில் அவர்களிடமே கேட்கட்டும்.

விமானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லண்டனிலிருந்து சுலாவெசிக்கு ஒரு வழிக்கே சுமார் 12,000 கிலோமீட்டர். கடல் சூடாகி பவளம் வெளுப்பதை அளக்கப் போகிறவர்கள், அந்தச் சூட்டைக் கூட்டும் புகையை விட்டுக்கொண்டுதான் போகிறார்கள். இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு மனம் இல்லை. வீட்டிலேயே இருந்து செய்யக்கூடியதை எல்லாம் செய்கிற பிள்ளை ஒரு தடவை அவ்வளவு தூரம் போனால் அதற்கு அர்த்தம் உண்டு என்று நினைக்கிறேன். ஆண்டு முழுக்க ஜன்னலுக்கு வெளியே ஒரு குருவியைக்கூடப் பார்க்காத பிள்ளை, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்கப் போவதென்றால் வேண்டாம்.

உங்கள் மகள் எந்த வகை என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஜனவரி கடைசி வார இறுதியில் பிரிட்டன் முழுக்கத் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1979 முதல் நடக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒரே சமயத்தில் கண்ணில் படும் பறவைகளை இனம் இனமாக எண்ண வேண்டும். அவ்வளவுதான். குளிரில், சாம்பல் வானத்தில், நாலு குருவியும் ஒரு புறாவும் மட்டும் வந்தாலும் முழு மணி நேரமும் உட்காருகிறாளா என்று பாருங்கள்.

அப்புறம், லெஸ்டரில் இருந்துகொண்டு ரட்லாண்ட் நீர்த்தேக்கத்தை விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம்கூட ஆகாது. விராலடிப்பான் நம் ஊரிலும் பனிக்காலத்தில் வரும் மீன் தின்னும் கழுகு. இங்கிலாந்தில் அது கூடு கட்டுவது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நின்றுபோயிருந்தது. வகாட்டோபி பூங்காவான அதே 1996-இல், ஸ்காட்லாந்துக் கூடுகளிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து ரட்லாண்டில் வளர்த்துப் பறக்க விடத் தொடங்கினார்கள். ஆறு வருடங்களில் அறுபதுக்கும் மேல் குஞ்சுகள். அவை மேற்கு ஆப்பிரிக்கா வரை போய், சில வருடம் கழித்துத்தான் திரும்பும், திரும்பாமலும் போகும். 2001-இல் அங்கே முதல் குஞ்சு பொரித்தது. ஆண்டுதோறும் மார்ச்சில் பறவைகள் வந்ததிலிருந்து தன்னார்வலர்கள் முறை வைத்துக் கூட்டைக் கண்காணித்து, எப்போது மீன் வந்தது, எந்தக் குஞ்சு தின்றது என்று எழுதிவைக்கிறார்கள். உங்கள் மகள் எடின்பரோ கோமகன் தங்க விருதுக்கு முயல்கிறாள் என்றால் பன்னிரண்டு மாதத் தன்னார்வப் பணி செய்தாக வேண்டும். லெஸ்டர்ஷையர் ரட்லாண்ட் வனவுயிர் அறக்கட்டளையில் அவள் வயதுக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்டு அங்கேயே செய்யட்டும். மழையில் மலை ஏறியதைவிட இது அவளுக்கு இந்தோனேசியாவில் அதிகம் உதவும்.

கணக்கெடுப்பதில் பணக்காரப் பிள்ளைகள் விவகாரம் எதுவும் இல்லை. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு ஒன்றை நடத்துகிறார்கள். சீசனில் இரவு இரவாகக் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமை இட்ட முட்டைகளைப் பொரிப்பிடத்துக்கு மாற்றி, எந்த இடத்தில் எத்தனை கூடு, எத்தனை செத்த ஆமை என்று குறித்து வருகிறார்கள். அவர்களோடு நடந்திருக்கிறேன். அதற்கு விமானமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். ஊருக்கு வரும் வருடம் மகளை அங்கேயும் அனுப்புங்கள்.

கேக் விற்பதில் கூச்சப்படாதீர்கள். உழைத்துச் சேர்ப்பது நல்லது. ஆனால் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி என்ன வைத்திருக்கிறது என்று கேட்பது பெற்றோரின் கடமை என்று நினைக்கிறேன். திரட்டும் பணம் பொதுவில் சேர்ந்து அப்படி ஒரு பிள்ளையையும் கூட்டிப்போனால் உங்கள் கணவரின் வருத்தம் பாதி தீரும்.

காப்பீடு, தடுப்பூசி, நீச்சல் சோதனை எல்லாம் பள்ளியே சொல்லும். பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் வேறு விஷயங்களைக் கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் எழுதும் கணக்கு யாரிடம் போகிறது? இதற்கு முன் போனவர்கள் எடுத்த தரவிலிருந்து என்ன தெரிந்தது? இந்தோனேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் முகாமில் சமமாக வேலை செய்கிறார்களா, கட்டுரையில் அவர்கள் பெயர் வருகிறதா? சமையலும் படகும் வழிகாட்டலும் உள்ளூர்க்காரர்கள் கையில் இருக்கிறதா, நியாயமான கூலி கிடைக்கிறதா? இவற்றுக்கு நேரான பதில் வந்தால் தைரியமாகப் பணம் கட்டுங்கள். சுற்றி வளைத்தால் அடுத்த தவணையை நிறுத்தி வைத்து, எழுத்தில் பதில் கேளுங்கள். ஜனவரிக் கணக்கெடுப்பில் என்ன வந்தது என்று மகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், கட்டாயம் பதில் போடுகிறேன்.

அன்புடன்.