ஒருமுறை முத்திரையிட்ட பிறகு மீண்டும் நிரப்பவே முடியாத பாட்டிலை வடிவமைக்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: கண்ணாடி பாட்டிலில் தேன் அடைத்து விற்கிறீர்கள், காலி பாட்டில்களை யாரோ சேகரித்துச் சர்க்கரைப் பாகை நிரப்பி உங்கள் பெயரிலேயே விற்கிறார்கள், ஆகவே உள்ளிருப்பதைத் தாராளமாக ஊற்றலாம், திரும்ப ஒரு சொட்டுகூட உள்ளே விட முடியாது என்னும்படி ஒரு பாட்டிலைச் செய்ய இயலுமா? தேனுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் என்று மாற்றிக்கொண்டால் இதே கேள்வியோடு நானும் இரண்டு ஆண்டுகள் அலைந்திருக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் மரச்செக்கு இருக்கிறது. எங்கள் எண்ணெய் ஒரு பக்கம் சித்தூர், பாலக்காடு கடைகளுக்கும், இன்னொரு பக்கம் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக் கடைகளுக்கும் போகிறது. 2018 இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை கலப்படத்துக்காகப் பல தேங்காய் எண்ணெய்ப் பெயர்களைத் தடை செய்தபோது, அது வேறு யாருக்கோ நடக்கும் விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். சில ஆண்டுகள் கழித்து ஒரு மார்கழிக் காலையில், எங்களிடம் நெடுநாளாக எண்ணெய் வாங்கும் பாட்டி ஒருவர் பாட்டிலைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு செக்கடிக்கே வந்துவிட்டார். “தம்பி, இந்தக் குளிர்லகூட இது உறையவே இல்லையே. உங்க எண்ணெய் கல்லு மாதிரி ஆயிடுமே” என்றார். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே வெண்மையாக உறைந்துவிடும். எங்கள் திண்ணையில் இருந்த பாட்டில்கள் எல்லாம் அன்று உறைந்துதான் இருந்தன. அவர் கையில் இருந்ததில் அடியில் விரலளவு வெண்மை. மேலே தெளிந்த திரவம். லேபிள் எங்களுடையது, மூடியும் திறக்கப்படாத புது மூடியாகவே கடையில் அவருக்குக் கிடைத்திருக்கிறது.

அந்தப் பாட்டிலின் கழுத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அலுமினிய மூடியைத் திருகித் திறந்தால் மூடிக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள சிறு இணைப்புகள் அறுந்து, வளையம் மட்டும் கழுத்தில் தங்கிவிடும் அல்லவா? அந்தப் பழைய வளையத்தை யாரோ கத்தி முனையால் நெம்பி எடுத்திருக்கிறார்கள். கழுத்துப் பட்டைக்குக் கீழே கண்ணாடியில் இரண்டு மெல்லிய கீறல்கள் விழுந்திருந்தன. பிறகு புது மூடியை வைத்து, கையால் இயக்கும் சிறிய மெஷினில் உருட்டிப் பதித்திருக்கிறார்கள். இத்தகைய மெஷின் யாருக்கும் கிடைக்கும். எங்கள் செக்கிலேயே ஒன்று இருக்கிறது. நான் முத்திரை என்று நம்பிக்கொண்டிருந்ததைச் செய்ய ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது என்பது அன்று என்னை மிகவும் வருத்தியது.

கோயம்புத்தூரில் பிளாஸ்டிக் மோல்டு பட்டறை வைத்திருக்கும் என் மாமா மகனிடம் போனேன். அவர் பாட்டிலை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்ன முதல் வாக்கியம் இது: “மச்சான், உள்ள காத்துப் போனாத்தான் எண்ணெய் வெளிய வரும். காத்துப் போற வழியில எண்ணெயும் போகும்.” இந்தக் கேள்வியின் முழுக் கடினமும் அந்த இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது என்பதை உணர எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. காற்றை உள்ளே விட வேண்டும், திரவத்தை விடக் கூடாது. காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அந்த வேறுபாடு ஒன்றை நம்பித்தான் வால்வு செய்பவர்கள் அனைவரும் வேலை செய்கிறார்கள்.

அவர்கள் செய்வது இப்படி. பாட்டிலின் கழுத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டை அழுத்திச் செருகுகிறார்கள். அதன் அடியில் வட்டத் துளை. துளையின்மேல் தட்டுப் போன்ற எடை குறைந்த வால்வு. வால்வின்மேல் ஒரு கண்ணாடிக் கோலி. கோலிக்கும் மேலே, கம்பியோ ஊசியோ நுழையாதபடி ஒரு தடுப்புக் கூரை. பாட்டில் நிமிர்ந்து நிற்கும்போது கோலியின் எடை வால்வைத் துளையோடு அழுத்திப் பிடித்துக்கொள்வதால் மேலிருந்து ஊற்றுவது அங்கேயே தேங்கி நிற்கும். பாட்டிலைக் கவிழ்த்தால் கோலி உருண்டு விலகும், வால்வு தளரும், உள்ளிருப்பது வரும், ‘குபுக் குபுக்’ என்று காற்று உள்ளே போகும். விலை உயர்ந்த மதுபான பாட்டில்களின் வாயில் இதை நீங்கள் பார்த்திருக்கலாம். இத்தாலியின் குவாலா நிறுவனம் இவ்வகை மூடிகளில் பெயர் பெற்றது.

நம் ஊர் கோலி சோடா பாட்டிலும் கோலியைத்தான் நம்பியிருக்கிறது, ஆனால் நேர் எதிரான நோக்கத்தில். இங்கிலாந்தின் ஹைரம் காட் 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற அந்த வடிவத்தில், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு சேர்த்து மேல்நோக்கி அழுத்துகிறது. கோலியைத் தட்டிக் குடித்துவிட்டு, கழுவி, மீண்டும் மீண்டும் நிரப்புவதற்கென்றே செய்யப்பட்ட பாட்டில் அது. ஒரே கோலி, அழுத்தும் திசை மாறினால் வேலையும் மாறிவிடுகிறது.

இனி, இந்த வால்வை உடைக்க முயல்பவர் என்ன செய்வார் என்று பாருங்கள், ஏனெனில் வடிவமைப்பு என்பதே அவரோடு நடத்தும் வாக்குவாதம்தான். முதலில் அவர் பாட்டிலைப் படுக்கவைத்து, கோலி விலகும் கோணத்தைத் தேடி, அந்த நிலையில் திரவத்தை அழுத்தி ஏற்றுவார். இதற்கு எதிராகக் கோலி உருளும் அறையைக் கூம்பு வடிவில் சரிவாகச் செய்கிறார்கள். பாட்டில் முழுவதும் படுத்த நிலையிலும் சரிவு கோலியை வால்வின் பக்கமே தள்ளும், கிடைமட்டத்துக்கும் கீழே வாய் சாய்ந்தால்தான் அது விலகும். அடுத்து அவர் பாட்டிலைக் கவிழ்த்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, வாயைத் திரவத்தில் முக்குவார். வெற்றிடம் திரவத்தை உள்ளே இழுக்கும். இதற்கு எதிராக வால்வை மிக லேசாகச் செய்ய வேண்டும், கனமான திரவம் உள்நோக்கிப் பாயும்போது வால்வையும் இழுத்துச் சென்று துளையை அடைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதே வால்வு, ஊற்றும்போது உள்ளே போகும் காற்றுக்கு அடைத்துக்கொள்ளக் கூடாது. கொஞ்சம் கனம் கூடினால் வெற்றிடத் தந்திரம் பலிக்கும். கொஞ்சம் லேசாகிவிட்டால் நேர்மையாக வாங்கியவருக்கு எண்ணெய் ஊற்றவே வராது.

இவை இரண்டையும் தடுத்தாலும், அவர் கொதிநீரில் கழுத்தை முக்கிப் பிளாஸ்டிக்கை இளக்கி, துண்டையே முழுசாகக் கழற்றி, நிரப்பிவிட்டு மறுபடி அழுத்திச் செருகுவார். அதனால்தான் நல்ல மூடிகளில் அந்தத் துண்டு கழுத்தின் வெளிப்புறப் பட்டையையும் கவ்விப் பிடித்து, அந்தப் பிடியை மூடும்படி மேலே ஓர் உலோகப் பாவாடையும் போட்டிருப்பார்கள். கடைசியாக, பாட்டிலின் அடியில் ஒரு துளையிட்டு நிரப்பிவிட்டுப் பசையால் அடைக்கும் வழி இருக்கிறது. அதற்கு எந்த மூடியும் பதில் சொல்ல முடியாது.

இந்த வாக்குவாதம் பழையது. மீண்டும் நிரப்ப முடியாத பாட்டில் என்ற பெயரில் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான காப்புரிமைகள் பதிவாகியிருக்கின்றன. அத்தனை இருந்தும், 1933 இல் மதுவிலக்கு நீங்கிய பிறகு கள்ளச் சரக்கை நல்ல பாட்டிலில் நிரப்பி விற்பதைத் தடுக்க அந்நாட்டு அரசு கடைசியில் சட்டத்தைத்தான் நாடியது. ‘இந்தப் பாட்டிலை விற்பதையோ மறுபடி பயன்படுத்துவதையோ கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது’ என்ற பொருளுள்ள வாசகத்தைக் கண்ணாடியிலேயே வார்க்க வேண்டும் என்ற விதி 1935 முதல் 1964 வரை அங்கே இருந்தது. ஒரு வால்வு இந்த வேலையை நம்பகமாகச் செய்திருந்தால், இந்த வாசகத்துக்குத் தேவையே இருந்திருக்காது என்பது என் கருத்து.

உள்ளிருப்பது ஒரே தடவையில் தீர்ந்துபோவதாக இருந்தால், இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது. பிரான்ஸைச் சேர்ந்த மருந்தாளர் ஸ்தானிஸ்லாஸ் லிமூசேன் 1886 இல் உருவாக்கிய ஊசிமருந்து ஆம்பூலை எடுத்துக்கொள்ளுங்கள்: கண்ணாடியையே உருக்கி மூடியிருப்பார்கள், கழுத்தை ஒடித்தால்தான் திறக்கும், ஒடித்ததை ஒட்டவைக்க முடியாது. ஒருமுறை அழுத்தி முடித்ததும் பூட்டிக்கொள்ளும் தடுப்பூசி சிரிஞ்சும் இதே வகை. கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைப் பாக்கெட்டில் அடைத்தது ஏழைக்கும் எட்டும் விலைக்காகத்தான் என்றாலும், கிழித்த பாக்கெட்டைத் திரும்ப விற்க முடியாது என்ற பாதுகாப்பும் அதோடு சேர்ந்து வந்தது. நம்முடைய சிக்கல், அரை லிட்டர் எண்ணெயை ஒரு வீடு ஒரு மாதம் வைத்துச் சிறிது சிறிதாக ஊற்றுகிறது என்பதில் இருக்கிறது. உங்கள் தேனும் அப்படியே.

கோலி வால்வு நமக்கு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பணத்தைச் செலவழித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். மச்சான் பட்டறையில் ஐந்தாறு மாதிரிகள் செய்து பார்த்தோம். சித்திரை வெயிலில் ஓரளவு வேலை செய்தன, தண்ணீரைப் போல் அல்லாமல் மெதுவாக வந்தாலும் எண்ணெய் வந்தது. மார்கழியில் கோலியைச் சுற்றித் தங்கியிருந்த எண்ணெய் உறைந்து, கோலி மெழுகில் புதைத்த மணி போல அசையாமல் நின்றுவிட்டது. பாட்டிலை வெந்நீரில் வைத்தால் உள்ளிருக்கும் எண்ணெய் இளகுகிறது, ஆனால் கழுத்திலிருப்பது கடைசியில்தான் இளகுகிறது. எண்ணெய் வரவில்லையென்று என் அம்மாவே கத்தரிக்கோலால் அந்தத் துண்டை நெம்பி எடுத்துவிட்டார். உங்கள் தேன் எல்லாப் பருவத்திலும் என் எண்ணெயைவிடப் பலமடங்கு கெட்டியானது; சில வகைத் தேன் குளிரில் கற்கண்டு போல் பூத்தும்விடும். இந்த வால்வு சாராயம் போன்ற நீர்த்த திரவத்துக்கென்று உருவானது.

ஆகவே நிரப்புவதைத் தடுப்பது என்ற நோக்கத்தையே விட்டுவிட்டு, திறந்தது தெரிய வேண்டும் என்பதில் இறங்கினோம். மூடியில் எங்கள் பெயரை, உடையும் இணைப்புகளின் கோட்டுக்கு மேல் பாதியும் கீழ் பாதியுமாக வரும்படி அச்சிடக் கொடுத்தோம். திறந்தவுடன் பெயரின் மேல்பாதி மூடியோடும் கீழ்பாதி வளையத்தோடும் பிரிந்துவிடும். அவற்றைப் பழையபடி பொருத்த முடியாது. அச்சில்லாத பொது மூடி சந்தையில் கைநிறையக் கிடைக்கும், ஆனால் அலுமினியத் தகட்டில் நிறம் பிசகாமல் அச்சடித்துத் தருபவர்கள் சிறிய எண்ணிக்கைக்கு வேலை எடுக்க மாட்டார்கள். வாரத்துக்கு முப்பது பாட்டில் நிரப்புகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. ஒவ்வொரு கடையிலும், முழுப் பெயர் தெரியும் மூடியையும் பிளந்த மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய ஓர் அட்டையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதித் தொங்கவிட்டோம். செலவில் மிகக் குறைந்தது அந்த அட்டைதான். பலன் தந்ததில் முதலிடமும் அதற்கே தருவேன், ஏனென்றால் மூடியைப் பார்த்து வாங்கும் பழக்கம் இல்லாத இடத்தில் எந்த முத்திரையும் வெறும் அலங்காரம்தான்.

இரண்டாவதாகச் செய்ததை நீங்கள் முதலில் செய்யுங்கள்: காலி பாட்டிலை நீங்களே வாங்குங்கள். 2022 இல் நீலகிரி மலையில், வீசியெறியும் பாட்டில்களால் விலங்குகளுக்கு ஆபத்து என்று, நீதிமன்ற உத்தரவின்படி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் முறையைத் தொடங்கினார்கள். காரணம் வேறு என்றாலும் அந்த வழி எனக்குப் பிடித்துப்போனது. நாங்கள் பாட்டிலுக்கு 15 ரூபாய் பிடித்து வைக்கிறோம். செக்குக்கு நேரே வருபவர்களிடம் அதுவும் வேண்டாம், தூக்குப் பாத்திரமோ சில்வர் கேனோ எதுவானாலும் கொண்டுவரட்டும், அளந்து ஊற்றித் தருகிறோம். 2025 இல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியபோது கலப்படக்காரர்களுக்கு ஆசை கூடியிருக்கும் என்று அஞ்சினேன். அந்த ஆண்டில் எங்கள் பெயரில் வந்த புகார் ஒன்றுதான். அதையும் அட்டையைப் பார்த்துவிட்டுப் பாட்டிலை வாங்க மறுத்த பெண் ஒருவர்தான் எங்களுக்குத் தெரிவித்தார்.

எங்கள் பக்கம் ஆக்கிரிக்கடை என்போம், கிழக்கே போனால் காயலான் கடை. அங்கே எங்கள் பாட்டில் முன்பு எடைக்கு விலை போனது. இப்போது அந்தக் கடைக்காரர் மாதம் ஒருமுறை எங்கள் பாட்டில்களை மட்டும் தனியாகப் பொறுக்கி, சாக்கில் வைக்கோல் வைத்து அடுக்கி, தம் ஆட்டோவில் செக்கடிக்குக் கொண்டுவந்து எண்ணிக் கொடுக்கிறார்.