மே மாதத்தில் உவரி, மணப்பாடு, தேரிக்காடு: வெயிலைச் சமாளிப்பது எப்படி?

கேள்வி, மே மாதம் பிள்ளைகளோடு உவரி, மணப்பாடு என்று திருநெல்வேலி, தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம் வந்தால் வெயில் தாங்குமா என்பது. தாங்கும், நேரம் பார்த்துச் சுற்றினால்.

கடலோரம் தானே, குளுகுளுவென்று இருக்கும் என நினைத்து வராதீர்கள். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வேர்வை சீக்கிரம் ஆவியாகாது. வேர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். வெறுமனே வழிந்தால் தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். அதனால் வெறும் தண்ணீரைவிட, உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் மேல்.

தேரிக்காடு, அதாவது குதிரைமொழித் தேரி என்னும் மணல்மேட்டுப் பகுதி, வேறு மாதிரி. இரும்பு ஆக்சைடு படிந்த செம்மணல், பனையைத் தவிர நிழல் குறைவு. உச்சிவெயிலில் அந்த மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. காலை ஒன்பது மணிக்குள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். தேரிப் பக்கமுள்ள அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கும் அப்படியே.

அப்புறம் பதநீர். மே பனைக்குச் சீசன். காலையில் இறக்கியதைப் பனையோலைப் பட்டையில் நுங்கு போட்டுக் குடியுங்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால்தான் அது புளிக்காது. மத்தியானம் ரோட்டோரம் விற்பது எப்படி, எப்போது இறக்கியது என்று தெரியாது, ஆகவே நான் அதை வாங்குவதில்லை.

பகல் பதினொன்று முதல் நாலு வரை அறையில் தூங்குங்கள், கடல் எங்கும் ஓடிவிடாது. பருத்தித் துணி, தொப்பி போதும். யாருக்காவது உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்கு அழையுங்கள். நினைவு தெளியாதவருக்கு எதையும் குடிக்கக் கொடுக்க வேண்டாம்.