அவர் தாமாக எழட்டும்

கேள்வி: எனக்கு வயது 43. கோத்தகிரிக்கு அருகே, சாலையிலிருந்து 38 படி இறங்கிச் செல்ல வேண்டிய வீட்டில் வசிக்கிறோம். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணவர் சொந்தப் பிக்கப் வண்டியில் இரவில் கேரட், பீட்ரூட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டு போய், காலை பத்து மணிக்குள் திரும்பி, மாலை நான்கு மணி வரை தூங்குவார். அத்தைக்கு (என் மாமியார்) வயது 74. கார்த்திகை மழையில் படியில் வழுக்கி விழுந்து, எலும்பு முறியாவிட்டாலும், ஒரு வாரம் மருத்துவமனையிலும் மூன்று வாரம் வீட்டுக் கட்டிலிலும் இருந்தார். அதிலிருந்து நான்தான் அவரைத் தூக்கி எழுப்புகிறேன். அவராகவே எழப் பார்ப்பார். ஆனால் நேரமாகும் என்பதால் அக்குளில் கை கொடுத்து நானே தூக்கிவிடுவேன். இப்போது எனக்கு இடுப்பு வலி, கையிலும் வலுவில்லை. ஜிம்முக்குப் போகவோ தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கவோ என்னால் முடியாது. அத்தையைத் தூக்கும் அளவுக்கு நான் வலிமை பெற என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: இந்தக் கடிதம் வெவ்வேறு கையெழுத்துகளில், வெவ்வேறு ஊர்களிலிருந்து எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியாதது அன்று. ஆனாலும் உங்களைத் தேற்றுவதில் இந்தப் பக்கத்தைச் செலவிட நான் விரும்பவில்லை, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்ட கேள்வியைவிடப் பெரிய செய்தி ஒன்று, போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது. "அவராகவே எழப் பார்ப்பார், ஆனால் நேரமாகும் என்பதால் நானே தூக்கிவிடுவேன்" என்கிறீர்கள். அந்த வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். எழ முயலும் ஒருவரை எழவிடாமல் தூக்கிவிடுகிறோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

காலையில் கட்டிலிலிருந்து ஒருமுறை, குளியலறையில் ஒருமுறை, காப்பிக்கு, சாப்பாட்டுக்கு, வெயில் காய வாசலுக்கு என்று எண்ணினால், ஒரு முதியவர் ஒரு நாளில் பத்து முறையாவது உட்கார்ந்த இடத்திலிருந்து எழ வேண்டியிருக்கும். அந்தப் பத்து முறையும் அவருடைய தொடைகளுக்குக் கிடைக்கும் வேலை; இப்போது அவருக்கு இருக்கும் ஒரே வேலையும் அதுதான். அதை ஒவ்வொரு முறையும் நீங்கள் அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறீர்கள். அன்பினால் செய்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மாமியாருக்குப் பணிவிடை செய்வது என்பதன் பொருள் அவரை நடமாட வைப்பதே என்று நான் உறுதியாக நம்புகிறவள். அவசரத்தில் தூக்கிவிடும் மருமகள், இன்னும் சில மாதங்களில் அவரைக் கட்டிலோடு கட்டிவிடுகிறாள். பிறகு இடுப்பு வலியோடு அவரை ஆண்டுக்கணக்கில் தூக்கிக்கொண்டே இருக்கிறாள். இரண்டு பேருமே தேய்ந்துபோன வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் தூக்கும் முறையும் தவறு. நாற்காலியிலிருந்து எழும் எவரும் முதலில் பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, மார்பை முன்னால் சாய்த்து, உடலின் பாரத்தைப் பாதங்களின் மேல் கொண்டுவந்த பிறகே மேலே எழும்புகிறார். அக்குளில் கை கொடுத்து நேர் மேலாக இழுக்கும்போது அவரால் முன்னால் சாய முடிவதில்லை. பாரம் பின்னாலேயே தங்கிவிடுகிறது. அவருடைய கால்கள் எதையும் சுமப்பதில்லை. முழு எடையும் உங்கள் இடுப்பில் இறங்குகிறது. வயதானவர்களின் தோள் மூட்டுக்கும் அந்த இழுப்பு கெடுதல் செய்யும். ஆகையால் இன்னும் வலிமையாகத் தூக்குவதற்குப் பயிற்சி சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்பதற்கு நான் இணங்கமாட்டேன்.

படுக்கை எவ்வளவு விரைவாகத் தசையைத் தின்னும் என்பதைப் பலர் அறிவதில்லை. 2007 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நலமுடன் இருந்த முதியவர்களைப் 10 நாள் படுக்கையிலேயே வைத்திருந்தபோது, அவர்களுடைய கால்களிலிருந்து ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்தது. நோயில்லாதவர்களுக்கே 10 நாளில் அந்த இழப்பு என்றால், விழுந்த அதிர்ச்சியோடு நான்கு வாரம் படுத்திருந்த உங்கள் அத்தையின் கால்கள் எந்த நிலையில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதே வேளையில், வயதாகிவிட்டது, இனி என்ன என்று கைவிடுவதற்கும் காரணம் இல்லை. 1990 இல் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் தங்கியிருந்த 86 முதல் 96 வயது வரையிலானவர்களுக்கு, மேற்பார்வையோடு 8 வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தபோது, அவர்களுடைய கால் வலிமை சராசரியாக இரண்டு மடங்கைத் தாண்டி உயர்ந்தது. அது கனமான எடையோடு செய்த பயிற்சி. உங்கள் வீட்டில் அதைச் செய்யச் சொல்லவில்லை. 90 வயதுத் தசையும் வேலை கொடுத்தால் பதில் சொல்லும் என்பதற்காகவே அதைக் குறிப்பிட்டேன். உங்கள் அத்தைக்கு 74 தான் ஆகிறது.

உங்கள் வீட்டுக்குப் பொருந்துவது வேறொரு முறை. ஒரே வேளையில் களைத்துப்போகும் வரை செய்யாமல், நாள் முழுவதும் பரப்பி, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக, களைப்பு வருவதற்கு வெகு முன்பே நிறுத்திவிடுவது. சோவியத் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பயிற்சியாளராக விளங்கும் பாவெல் சத்சூலின் என்பவர் இதைப் பரவலாக அறியச் செய்தார். ஒருவரால் அதிகபட்சம் எத்தனை முறை செய்ய முடியுமோ, அதில் ஏறத்தாழப் பாதியே ஒரு வேளைக்கு, பிறகு நல்ல இடைவெளி, மீண்டும் பாதி. இது பலன் தருவதற்குக் காரணம் உண்டு. பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் கூடுகிற வலிமை பெரும்பாலும் தசை பருப்பதால் வருவதில்லை. மூளையும் நரம்பும், இருக்கிற தசை நார்களில் அதிகமானவற்றை ஒரே நேரத்தில், சரியான ஒழுங்கில் அழைக்கக் கற்றுக்கொள்வதால் வருகிறது. உங்கள் ஊர்த் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்கப் புதிதாக வந்தவரின் கூடை சில வாரங்களில் விரைவாக நிறையத் தொடங்குவது விரல் பருத்ததால் அன்று, கை பழகியதால் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். களைத்த உடல் கோணலாகச் செய்யும். கோணலாகச் செய்ததையே நரம்பு பழகிக்கொள்ளும். அதனால்தான் தெம்பாக இருக்கும்போது, அடிக்கடி, சரியாகச் செய்ய வேண்டும் என்கிறேன்.

தொடங்குவதற்கு முன் அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவராக இருந்தால் எழும்போது தலை சுற்றுமா என்பதையும் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். பிறகு, கை வைத்த உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போட்டு, இருக்கையில் இரண்டு கம்பளிகளை மடித்து வையுங்கள். இருக்கை உயர உயர எழுவது எளிதாகும். காலையில் குளிரில் மூட்டு இறுகியிருக்கும்போது வேண்டாம். வாசலில் வெயில் விழுந்த பிறகு, நாற்காலியின் கைகளை ஊன்றிக்கொண்டு தொடர்ச்சியாக எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று ஒரே ஒரு நாள் பாருங்கள். நான்கு முறை முடிகிறது என்றால், மறுநாளிலிருந்து ஒரு வேளைக்கு இரண்டு முறை மட்டுமே. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளில் ஆறேழு வேளை. உட்காரும்போது தொப்பென்று விழக்கூடாது. மெல்ல இறங்குவதிலும் தொடைக்குச் சமமான வேலை இருக்கிறது. பேசிக்கொண்டே செய்ய முடிய வேண்டும்; மூச்சு வாங்கினால் அளவு கூடிவிட்டது என்று பொருள். மலைக்குளிருக்காகப் போடும் கம்பளிக் காலுறை வழவழப்பான தரையில் வழுக்கும்; வெறுங்காலோ ரப்பர் செருப்போ போதும். இரண்டு வாரம் கழித்து மீண்டும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் அதில் பாதி. இன்னும் எளிதானால் ஒரு கம்பளியை எடுத்துவிடுங்கள். அதற்கும் பிறகு கை ஊன்றாமல். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், முழங்கால் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். முட்டை, பருப்பு, அவரை இவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் இருக்கட்டும். கஞ்சியும் ரொட்டியும் மட்டும் கொடுத்தால் தசை எதைக் கொண்டு வளரும்?

நேரமாகும் என்கிறீர்கள். அவர் தாமாக எழ ஒரு நிமிடம் ஆகுமா? ஆகட்டும். பத்து முறைக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் உங்கள் இடுப்பையும் அவருடைய கால்களையும் விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். காலையில் பள்ளிக்கு ஓட வேண்டிய அவசரம் எனக்குப் புரிகிறது; அவரை எழச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று தலை வாருங்கள், சாப்பாட்டு டப்பாவை மூடுங்கள். விழாதபடி அருகில் நிற்பது உங்கள் கடமை. எழுவது அவருடைய உரிமை. அதில் கை வைக்காதீர்கள்.

இனி உங்களுக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நடை போன்ற உடலுழைப்பு குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையை நீக்கிவிட்டது. தசைக்கு வலிமை தரும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே நீங்கள் தேடும் அந்த ஒரு மணி நேரம் தேவையே இல்லை. சமையல் மேடையின் விளிம்பில் இரு கைகளையும் ஊன்றி, உடலைச் சாய்த்து மார்பை மேடைக்குக் கொண்டுபோய்த் தள்ளி எழும் தண்டாலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து முடியுமானால் ஒரு வேளைக்கு ஐந்து. பால் காயும்போது, குக்கர் அடங்கும்போது, இரவு விளக்கணைக்கும் முன். பள்ளியில் நாற்காலியிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் கையை ஊன்றாமல் எழுந்து, மீண்டும் மெல்ல உட்கார்ந்து எழுங்கள். இந்த இரண்டே போதும்; மூன்றாவது ஒன்றைச் சேர்க்கத் தோன்றினால் சேர்க்காதீர்கள். சாலையிலிருந்து 38 படி ஏறி இறங்குவது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. காய்கறிப் பையை ஒரே சுமையாக இறக்காமல் இரண்டு கையிலும் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இப்போதுள்ள இடுப்பு வலி, தூக்குவதை நிறுத்தியும் இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால், அல்லது காலுக்கு இறங்கினால், மருத்துவரிடம் காட்டாமல் எந்தப் பயிற்சியும் செய்ய வேண்டாம்.

கடைசியாக உங்கள் கணவர். மாலை நான்கு மணிக்கு எழுகிறார் என்று எழுதிவிட்டு, அதற்குப் பிறகு அவர் என்ன செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. இரவெல்லாம் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவரின் தூக்கத்தைக் கெடுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் அவரைப் பெற்றவர் காலையிலிருந்து மாலை வரை யாரும் எழுப்பாததால் கட்டிலிலேயே கிடக்கிறார் என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். தாயைப் பார்த்துக்கொள்வது மருமகளின் வேலை, மகனின் வேலை சம்பாதிப்பது என்ற பாகுபாட்டை நான் ஏற்பதில்லை. நடை பழகிய நாளில் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அந்தத் தாய். வண்டியை நிறுத்தித் தூங்கப் போவதற்கு முன் ஒரு வேளை, மாலை எழுந்ததும் ஒரு வேளை, இரவு வண்டி எடுப்பதற்கு முன் ஒரு வேளை என்று மூன்று வேளையை அவர் ஏற்கட்டும். கூச்சம் வேண்டியதில்லை, தூக்கப் போவதில்லை, அருகில் நின்று எண்ணப் போகிறார். கோத்தகிரியில் பெருமழை ஐப்பசியில்தான் இறங்கும். அதற்குள் அந்தப் படிகளின் ஓரத்தில் இரும்புக் கைப்பிடி ஒன்றை அவரே முன்னின்று வைத்துவிட வேண்டும். இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லா வேளையும் அவருடைய பொறுப்பு; அன்று காலை நீங்கள் வீட்டில் இருந்தால் உங்கள் கை தானாக அத்தையின் அக்குளுக்குப் போகும், ஆகவே பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய் வாருங்கள்.