பெர்லினில் நாய் வளர்க்க நினைக்கும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வி இது: பெர்லினுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, வாடகை வீடு, நீங்களும் மனைவியும் வேலைக்குப் போகிறீர்கள், மகள் நாய் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். வாங்கலாமா? நம் வீட்டுச் சாப்பாட்டையே போட்டு வளர்க்கலாமா? இல்லை, மதுரையில் அம்மா வீட்டில் இருக்கும் வயதான ராஜபாளையத்தையே கொண்டுவந்துவிடலாமா?

தாராளமாக வளர்க்கலாம். ஆனால் என்ன இனம், என்ன விலை என்று பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டில் யாருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பாருங்கள். ஊரில் நாய் வாசலில் படுத்திருக்கும், கேட்டைத் திறந்தால் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடும், வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் இருப்பார். இங்கே மூன்றாம் மாடியில் இருக்கும் நாய்க்கு, நீங்கள் லீஷைக் கையில் எடுத்தால்தான் வெளியே போக முடியும். ஜனவரியில் காலை எட்டு மணிக்கு மேல்தான் விடிகிறது, மாலை நாலு மணி தாண்டினால் இருட்டு. அந்தக் குளிரில் காலையில் யார் கீழே இறங்குவது, இரவு படுக்கும் முன் யார் இறங்குவது என்று இப்போதே பெயர் போட்டு எழுதிவையுங்கள். மகள் பெயரை அதில் எழுத வேண்டாம். அவள் கூட வரட்டும், பொறுப்பு பெரியவர்களுடையது. ஜெர்மனியில் இது சட்டமாகவே இருக்கிறது: நாயைப் போதுமான அளவு வெளியே கூட்டிப்போக வேண்டும். நடைமுறையில் மூன்று நான்கு முறை இறங்க வேண்டியிருக்கும். குட்டியாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

அடுத்தது தனிமை. இரண்டு பேரும் ஒன்பது மணி நேரம் ஆபீஸில் இருந்தால் நாய் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வளர்ந்த, பழக்கிய நாய் நாலைந்து மணி நேரம் தனியாக இருக்கும். அதுவும் தானாக வந்துவிடாது. முதலில் கதவைச் சாத்திவிட்டு ஒரு நிமிடத்தில் திரும்பி வரவேண்டும், அப்புறம் ஐந்து நிமிடம், அப்புறம் அரை மணி நேரம். கிளம்பும்போதும் கொஞ்சக் கூடாது, வந்ததும் ஆர்ப்பாட்டம் செய்யக் கூடாது. இதை வாரக்கணக்கில் பொறுமையாகச் செய்தால்தான் நாய் நிம்மதியாகத் தூங்கும். இல்லையென்றால் ஊளையிடும், பக்கத்து வீட்டுக்காரர் வீட்டு ஓனருக்குக் கடிதம் எழுதுவார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒருவராவது வீட்டிலிருந்து வேலை பார்க்க முடிந்தால் தைரியமாக இறங்குங்கள்.

ஓனரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அச்சடித்த வாடகை ஒப்பந்தத்தில் 'நாய், பூனை கூடாது' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருந்தால் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இலேயே சொல்லிவிட்டது. அதற்காக, கேட்காமலே வளர்க்கலாம் என்று அர்த்தமில்லை. வீட்டின் அளவு, நாயின் அளவு, மற்ற குடியிருப்பாளர்கள் என எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

காகித வேலை அதிகமில்லை. நாய் வரி முதல் நாய்க்கு வருடம் 120 யூரோ, இரண்டாவது நாய்க்கு 180. பெர்லினில் உடம்பில் சிப், நாய்ப் பதிவேட்டில் பதிவு, மற்றவர்களுக்கு நாயால் நேரும் சேதத்துக்கான காப்பீடு ஆகிய மூன்றும் கட்டாயம். மலம் அள்ளும் பை எப்போதும் கைவசம் இருக்க வேண்டும்.

நாயை எங்கே வாங்குவது? ஃபால்கன்பெர்கில் இருக்கும் பெர்லின் விலங்குக் காப்பகத்துக்கு முதலில் போய்ப் பாருங்கள். ஐரோப்பாவிலேயே பெரிய காப்பகங்களில் அதுவும் ஒன்று. உங்கள் வேலை நேரம், வீடு, குழந்தை எல்லாவற்றையும் விசாரிப்பார்கள், அது நல்லதுக்குத்தான். எங்கள் நாய் செவலை காப்பகத்திலிருந்து வந்தவள். இணையத்தில் மலிவாக விளம்பரம் போட்டு, பார்க்கிங்கில் வைத்துக் குட்டியைக் கையில் கொடுப்பவர்களிடம் மட்டும் வாங்காதீர்கள். எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் குட்டி என்றால் 15 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ரேபீஸ் ஊசியே 12 வாரத்தில்தான் போட முடியும், அதற்கு மேல் 21 நாள் காத்திருக்க வேண்டும். பத்து வாரக் குட்டியைக் காட்டி 'ருமேனியாவிலிருந்து வந்தது, எல்லா ஊசியும் போட்டாச்சு' என்று ஒருவர் சொன்னால் அது பொய் என்று இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நம் வீடுகளில் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சமைத்தாலும், பொடியாக இருந்தாலும் அதே கதைதான். சாம்பார், ரசம், குருமா, பிரியாணி மசாலா ஒட்டிய கறித்துண்டு எதுவும் போடக் கூடாது. திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஆகவே கேசரி, பாயசம், சர்க்கரைப் பொங்கல் கிண்ணங்கள் நாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சாக்லேட்டும் விஷம்தான். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். இங்கே அதையே பிர்க்கன்சுக்கர் என்ற பெயரிலும் விற்கிறார்கள், வாங்கினால் பூட்டிவையுங்கள். வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் இதையெல்லாம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், பாசத்தில் ஊட்டிவிடுவார்கள்.

தயிர்சாதம்? ஊரில் அதைத் தின்றே பத்து வருடம் வாழ்ந்த நாய்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் வெளியே திரிந்து வேறென்னவெல்லாம் தின்றன என்பது யாருக்குத் தெரியும்? ஃபிளாட்டில் இருக்கும் நாய்க்கு நீங்கள் வைப்பது மட்டும்தான் உணவு. வெறும் சோற்றிலும் கறியிலும் கால்சியம் போதாது, வளரும் குட்டிக்கு எலும்பே வளைந்துவிடும். கடையில் பையைத் திருப்பிப் பாருங்கள்: 'அலைன்ஃபுட்டர்மிட்டல்' என்று இருந்தால் அது முழு உணவு, 'எர்கென்சுங்ஸ்ஃபுட்டர்மிட்டல்' என்றால் துணை உணவு மட்டும். முன்னதை வாங்குங்கள், விலை குறைந்ததிலும் நல்லது உண்டு. உப்பு போடாத சோறும் வேகவைத்த கோழியும் வயிறு சரியில்லாத நாளுக்கு அருமையான மருந்துச் சாப்பாடு. ஒரு ஸ்பூன் தயிரும் சாப்பிடட்டும், தாளிக்காமல்.

வைத்தியச் செலவுக்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 நவம்பரில் வந்த பட்டியல்படி சாதாரணப் பரிசோதனைக்கு 23.62 யூரோ, அதற்கு மேல் வரி. சிக்கலைப் பொறுத்து மூன்று மடங்கு வரை போகலாம். இரவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ அவசரமாக ஓடினால் இரண்டிலிருந்து நான்கு மடங்கு, கூடவே 50 யூரோ அவசரக் கட்டணம். ஒரு அறுவை சிகிச்சை ஆயிரங்களில் வந்து நிற்கும். அறுவை சிகிச்சைக்கு மட்டுமான காப்பீடாவது முதல் மாதத்திலேயே எடுத்துவிடுங்கள், நோய் வந்த பிறகு கேட்டால் தரமாட்டார்கள்.

உண்ணி இங்கே பெரிய தொல்லை. வெப்பம் ஏழு டிகிரியைத் தாண்டினாலே கிளம்பிவிடும், பெர்லின் பக்கத்து உண்ணிகளில், நாயின் ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும் பாபேசியா கிருமியும் உண்டு. டாக்டரிடம் மாத்திரையோ சொட்டு மருந்தோ வாங்கிப் போடுங்கள். அது போக, ஒவ்வொரு நடைக்குப் பிறகும் விரலால் தடவிப் பாருங்கள்: காதுக்குப் பின்னால், அக்குளில், கால்விரல் இடுக்கில். செவலையின் காது மடிப்பில் எள்ளளவு கறுப்பாக இருப்பது இரண்டு நாளில் சாம்பல் நிற மொச்சை போல உப்பிவிடும். எண்ணெய் தடவாதீர்கள், நசுக்காதீர்கள். தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக நேராக இழுத்தால் வந்துவிடும். குளிர்காலத்தில் நடைபாதையில் கூரான சரளை, பெரிய சாலைகளில் உப்பு, அதனால் வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தைக் கழுவித் துடைக்க வேண்டும்.

டிசம்பர் 31 இரவைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். பெர்லின் புத்தாண்டு வெடி நம் தீபாவளிக்குக் குறைந்ததல்ல. மிரண்டு ஓடித் தொலைந்துபோகும் நாய்கள் ஏராளம். சிப் எண்ணை டாஸ்ஸோ என்ற செல்லப்பிராணிப் பதிவேட்டில் இலவசமாகப் பதிந்துவையுங்கள், கிடைத்தால் உங்களைக் கூப்பிடுவார்கள். அன்று சாயங்காலம் இருட்டும் முன் வெளியே போய் வந்துவிடுங்கள், கழுத்துப்பட்டையோடு மார்புப் பட்டையும் மாட்டி. அப்புறம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நாயின் பக்கத்தில் உட்காருங்கள். பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒட்டி வந்து படுத்தால் அணைத்துக்கொள்ளுங்கள்.

பழக்குவதற்கு ஒரு நாய்ப் பள்ளியில் சேருங்கள். அடிப்பது, முள்பட்டை போடுவது எல்லாம் இங்கே சட்ட விரோதம், அவை இல்லாமலேயே நாய் கற்றுக்கொள்ளும். தமிழிலேயே 'உட்கார்', 'வா' என்று சொல்லுங்கள், வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொன்னால் போதும்.

மதுரை ராஜபாளையம் விஷயம். முதலில் சிப், பிறகு ரேபீஸ் ஊசி, 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாதக் காத்திருப்பு. எல்லாம் முடிந்தாலும், அவ்வளவு பெரிய நாய் விமானத்தின் சரக்குப் பகுதியில்தான் வர வேண்டும். இளம் நாய் என்றால் கொண்டுவாருங்கள் என்பேன். வயதான நாயை அம்மாவிடமிருந்தும் அந்த வெயில் வாசலிலிருந்தும் பிரிக்க வேண்டாம், தம்பி. மகள் லீவுக்குப் போகும்போது அதனுடன் இருக்கட்டும்.

முடிவெடுக்கும் முன் ஒரு சனிக்கிழமை மூவரும் குரூனவால்டு காட்டுக்கு வாருங்கள். அங்கே லீஷ் இல்லாமல் விடும் பகுதி இருக்கிறது, செவலையை மகளே கூட்டி நடக்கட்டும். மழை பெய்தாலும் நாங்கள் வருவோம்.