யாத் வஷேமில் யூதர்களைக் காப்பாற்றியவர்களுக்கு இன்னும் மரம் நடுகிறார்களா?

இப்போது பெரும்பாலும் இல்லை, காரணம் ரொம்ப எளிமையானது: இடம் தீர்ந்துவிட்டது. நாஜிகள் கொன்ற யூதர்களின் நினைவாக ஜெருசலேமில் இருக்கும் யாத் வஷேம் நினைவகத்தில் 1962-ல் இந்த மரச்சாலையைத் தொடங்கினார்கள், நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காப்பாற்றிய யூதரல்லாதவர்களுக்காக. தன் தொழிற்சாலையில் வேலை கொடுத்து யூதர்களைக் காப்பாற்றிய ஜெர்மன் தொழிலதிபர் ஆஸ்கர் ஷிண்ட்லருக்கும் அங்கே ஒரு மரம் உண்டு. பெரும்பாலும் கேரப் (மத்தியதரைக்கடல் பகுதியில் வளரும், நீண்ட காய் காய்க்கும் மரம்) மரங்கள்தான், ஆண்டு முழுக்கப் பசுமையாக நிற்கும், ஆனால் சைப்ரஸ் மாதிரி பகட்டு கிடையாது. எனக்கு அந்தத் தேர்வு பிடித்திருக்கிறது.

மரம் வைக்க இடமில்லாமல் போனதும் 1996-ல் தனியாக ஒரு தோட்டம் அமைத்து, அங்குள்ள சுவர்களில் நாடு வாரியாகப் பெயர்களைப் பொறிக்க ஆரம்பித்தார்கள். இதுவரை 28,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கீகரிக்கப்பட்டிருக்கிறார்கள்.

சரி, யார் வேண்டுமானாலும் இதில் சேர முடியுமா என்றால், முடியாது. 1963-லிருந்து ஒரு குழு ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரித்துத்தான் முடிவெடுக்கிறது, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து என்று தெரிந்தே உதவியிருக்க வேண்டும், அதற்குக் காசைக் கைம்மாறாகக் கேட்டிருக்கக் கூடாது, முக்கியமாகப் பிழைத்தவர்களின் சாட்சியமோ ஆவணமோ இருக்க வேண்டும். அதனால் காப்பாற்றியவரும் காப்பாற்றப்பட்டவரும் சேர்ந்தே பிடிபட்டுச் செத்துப்போன கதைகள் பல இந்தச் சுவருக்கு வரவே இல்லை. அப்புறம், நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய டென்மார்க் எதிர்ப்பியக்கத்தினர் தங்கள் பெயர்களைத் தனித்தனியாகப் போட வேண்டாம், ஒரே குழுவாகக் குறிப்பிட்டால் போதும் என்று கேட்டுக்கொண்டார்கள், அப்படியே செய்திருக்கிறார்கள்.